ஒன்பதாம் வகுப்புத் "தாலி"

வியர்வையில் ஊறிப்போன ஷூ கயிற்றின் புளித்த வாடைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அந்தக் கயிற்றில் உள்ளங்கையளவு வட்டப் பலகை ஒன்று தொங்கும். மயிலாப்பூரில் நான் படித்த பெண்கள் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில், தமிழ் பேசி மாட்டிக்கொண்டவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். இன்னொருத்தி தமிழ் பேசுவதைக் காதால் கேட்டுவிட்டால் அவள் கழுத்துக்கு மாற்றிவிடலாம். கடைசி மணி அடிக்கும்போது யாரிடம் இருக்கிறதோ அவள் மறுநாள் காலைக் கூட்டத்தில் மொத்தப் பள்ளியின் முன்னால் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். ஆங்கிலமும் சமூக அறிவியலும் எடுத்த மிஸ் கொண்டுவந்த ஏற்பாடு அது. நாங்கள் வைத்த பெயர் "தாலி".

அது வந்த பிறகு வகுப்பில் யாரும் யாரையும் நம்பவில்லை. ஒருத்தி மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்த் துண்டை நீட்டினால், "உனக்கு வேணுமா" என்பதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று யோசித்தோம். "ஐயோ" என்று கத்தவைப்பதற்காகவே காலை மிதித்தார்கள். தி.நகர் ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்த என் அப்பா, திருநெல்வேலிக்காரர், இதைக் கேட்டுச் சிரித்தார். "தமிழு எங்க ஓடிரப் போவுது? இங்கிலீசுதான் நிக்காது, புடிச்சு வச்சுக்கோ" என்றார்.

எனக்கு மேடை என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் பயமில்லாமல் வாய் திறந்தது பக்கத்து இருக்கை பர்வீனிடம் மட்டும்தான். ராயப்பேட்டைக்காரி, வீட்டில் உருது, தெருவில் மெட்ராஸ் தமிழ். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தவள் அவள். "இங்க ஒருத்தரும் வரமாட்டாங்க, நீ பாட்டுக்குப் பேசிக்கினே இரு" என்பாள்.

ஒரு வியாழக்கிழமை இடைவேளையில், எங்கள் வகுப்பு சுபா தாலியோடு நேராக அங்கே வந்து நின்றாள். இருவரும்தான் பேசிக்கொண்டிருந்தோம், ஆனால் அவள் என் கழுத்தில் போட்டாள். ஏன் எனக்கு மட்டும்? அன்று பர்வீன் தொட்டிப் பக்கம் சற்றுத் தாமதமாக வந்திருந்தாள். காலையில் சுபாவின் நோட்டை வாங்கியிருந்தாள். இடத்தை அறிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். மதியச் சாப்பாடு முடிவதற்குள் இவையெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து, பர்வீன் என்னைக் காட்டிக்கொடுத்தாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

கடைசி வகுப்பு சமூக அறிவியல். மிஸ் கரும்பலகையில் அடிப்படை உரிமைகளை எழுதிக்கொண்டிருந்தார். பர்வீனின் அம்மாவுக்கு, அவள் வாயில் "அம்மி"க்கு, மூச்சிழுப்பு உண்டு. அந்த வருடமே இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அவள் காதருகே குனிந்து, மெதுவாக, ஆங்கிலத்தில் சொன்னேன்: "யுவர் மதர்... ஹாஸ்பிடல்."

அவள் துள்ளி எழுந்தாள். "அம்மிக்கு இன்னா ஆச்சு?"

வகுப்பே திரும்பியது. நான் தாலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டேன். மிஸ்ஸுக்குக் கேட்டது அவள் கத்தியது மட்டுமே. தலையசைத்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினார். பர்வீன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அம்மி நல்லாத்தானே கீறாங்க? பொய்தானேடி சொன்னே?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். "அல்லா" என்று மூச்சை விட்டு உட்கார்ந்தாள். கழுத்தில் விழுந்ததை அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் அடிப்படை உரிமைகளைப் பற்றித் தடுமாறாமல் பேசினாள். ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் அடுத்து என் பெயர்தான் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. எதற்காகச் சேர்த்து வைக்கிறாள்?

அடுத்த வாரம், எங்கள் இடத்தைச் சொன்னது யார் என்று சுபாவிடம் கேட்டேவிட்டேன். "யாரு சொல்லணும்? நீ பேசுறது மாடி ஜன்னல் வரைக்கும் கேக்குதுடி" என்று சிரித்தாள்.

அன்றே தொட்டிக்குப் பின்னால் பர்வீனிடம், "தப்பா நினைச்சிட்டேன், மன்னிச்சிடுடி" என்றேன். அவள் டிபன் பாக்ஸை மூடினாள். "இட்ஸ் ஓகே" என்றாள். கோபம் இல்லை. பத்தாம் வகுப்பு முடியும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள், நோட்டுக் கொடுத்தாள். ஆனால் என்னிடம் ஒரு சொல்கூடத் தமிழில் பேசவில்லை. தண்டனை என்று முதலில் நினைத்தேன். இல்லை, என் காதைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

இப்போது அந்தப் பள்ளியில் அப்படி எதுவும் இல்லையாம். தொட்டி இருந்த இடத்தில் ஆசிரியர்களின் வண்டிகள் நிற்கின்றன. நான் பெருங்குடியில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலம் பேசிச் சம்பாதிக்கிறேன்.

போன மழைக்காலத்தில் பாண்டி பஜார் நடைபாதையில், முகத்துக்கு முன்பே குரல் தெரிந்தது. "இன்னாண்ணே, இந்தச் செருப்பு ரெண்டு மழைக்குத் தாங்குமா, இல்ல தெருமுனையிலயே வாயப் பொளந்துக்குமா?" கடைக்காரர் சிரித்தார். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பினாள், என்னைப் பார்த்தாள்.

"ஹாய், ஹவ் ஆர் யூ?" என்றாள் பர்வீன்.

நானும் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னேன்.