விளிம்புவரை ஊற்றிய தேநீர்

வெள்ளவத்தை ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபடி ஜெராட் அண்ணனுக்கு ஒரு செய்தி தட்டிக்கொண்டிருந்தேன். "அண்ணா, கையேட்டில எட்டாம் படியை ஏன் மாத்தினீங்க? முந்தி இருந்ததே நல்லாத்தானே இருந்தது" என்று எழுதி முடிக்குமுன் அவருடைய பெயரே திரையில் வந்து மணி அடித்தது. சண்டையைத் தொடங்க ஆயத்தமாகத்தான் எடுத்தேன். பேசியது அவருடைய மனைவி றீட்டா அக்கா. "தங்கச்சி, விடிய எழும்பித் தேத்தண்ணி கேட்டார். நான் கொண்டு வாறதுக்குள்ள ஆள் போயிட்டார்" என்றார். நான் ஏற வேண்டிய ரயில் வந்து, நின்று, போனது. நான் அந்த வாங்கிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்தில் பெட்டிகளின் எண்களைச் சரிபார்க்கும் எழுதுவினைஞராக முப்பது வருடம் வேலை செய்தவர். எங்களுடைய செயலிக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வாட்டில் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளியும் சிங்களம் மட்டும் தெரிந்த தாதியும் ஒருவரோடொருவர் கதைக்க உதவும் போன் செயலி அது. ஒரு வசனத்தைத் தொட்டால் மற்ற மொழியில் சொல்லும். நானும் என்னோடு வேலை செய்த இருவரும் தொடங்கினோம். நிரல் எல்லோருக்கும் திறந்தது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், சேர்க்கலாம் என்று போகுமிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டோம். அந்தப் பேச்சு உண்மையா என்று முதலில் சோதித்துப் பார்த்த மனிதர் ஜெராட் அண்ணன்.

அவர் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. நெஞ்சு நோவென்று வாட்டில் நான்கு நாள் படுத்திருந்தாராம். பக்கத்துக் கட்டிலில் தோட்டத்திலிருந்து வந்த ஒரு வயதானவர். எங்கே நோகிறது என்று சொல்ல அவருக்குச் சிங்களம் வராது. நான்கு நாளும் அண்ணன்தான் இடையில் நின்று மொழிபெயர்த்திருக்கிறார். "எனக்குத் துண்டு வெட்டி வீட்ட அனுப்பிட்டாங்க, மிஸ். அஞ்சாம் நாள் அந்த மனுசனுக்காக ஆர் கதைச்சது?" என்று கேட்டார். அவருடைய மடிக்கணினியில் வேலை தொடங்க என்னென்ன நிறுவ வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்தேன்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர் மூன்று சனிக்கிழமை போராடினார். நிரலை மாற்றுவது பிறகு வரும் வேலை. மாற்றுவதற்கு வேண்டிய கருவிகளை ஒரு கணினியில் ஒழுங்காக இருத்துவதுதான் பெரும்பாடு. ஒன்று இருந்தால் மற்றது இராது, இரண்டும் இருந்தால் பதிப்பு ஒத்துவராது. மூன்றாம் சனிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. அவருடைய கணினியை என் பக்கம் இழுத்து, தடதடவென்று ஏதோ தட்டி, இரண்டு நிமிடத்தில் ஓட வைத்துவிட்டு, நன்றியை எதிர்பார்த்து நிமிர்ந்தேன். அவர் தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்றைத் திறந்து காட்டினார். தான் தடுக்கி விழுந்த இடங்களை எல்லாம் இலக்கமிட்டு எழுதியிருந்தார், துறைமுகத்தில் பெட்டிகளுக்கு எழுதுவதுபோல. "இப்ப என்ட மெசின் சரி. நாளைக்கு வாற ஆளிட வீட்டுக்கும் நீங்கதான் போவீங்களா, மிஸ்?" என்றார். பிறகு, நான் நிறுவியதை எல்லாம் என் கண் முன்னாலேயே அழித்தார்.

எனக்கு வந்த கோபத்தை ஒளிக்க விரும்பவில்லை. இரண்டு கிழமை அவரோடு கதைக்கவில்லை. அதற்குள் அந்தக் கொப்பியிலிருந்து ஒரு நிறுவல் கையேட்டை எழுதி அனுப்பியிருந்தார். தமிழில் ஒன்று, தன் துறைமுகச் சிங்களத்தில் ஒன்று. நான் எழுதிய தாளில் "சும்மா இதைத் தட்டவும்" என்று இருந்த இடங்களில் எல்லாம் "சும்மா"வை வெட்டியிருந்தார். ஏன் என்று கேட்டேன். "ஒருத்தனுக்கு அது சும்மா வராட்டி, தன்னில பிழை எண்டு நினைச்சு வெட்கத்தில போயிடுவான். பிறகு திரும்ப வர மாட்டான்" என்றார். இன்றுவரை நான் எங்கே "சும்மா" என்று எழுதினாலும் கை ஒருகணம் நிற்கிறது.

அதன்பின் புதிதாக யார் வந்தாலும் முதல் சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டில்தான். ஒரு சட்டம் போட்டிருந்தார். வந்தவர் கையேட்டைப் படித்துத் தானே நிறுவ வேண்டும். பக்கத்தில் இருப்பவர் விசைப்பலகையைத் தொடக்கூடாது. கேட்டால் வாயால் சொல்லலாம், ஆனால் சொன்னதைக் கொப்பியில் எழுத வேண்டும். நான் இதை எத்தனை தரம் மீறினேன் என்பது அங்கே வந்திருந்த உங்களுக்கே தெரியும். கடைசியில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். "றீட்டா, இவவுக்கு விளிம்பு வரைக்கும் ஊத்து. கோப்பையை ரெண்டு கையாலயும் பிடியுங்கோ, தங்கச்சி. உங்கட கை சும்மா இராது." நானும் பிடித்துக்கொண்டிருப்பேன். தேநீர் ஆறிப்போகும். கோப்பையைக் கீழே வைத்தால் றீட்டா அக்கா வந்து மறுபடி நிரப்பிவிட்டுப் போவார். புருசனும் பெண்சாதியுமாகச் சேர்ந்துதான் என்னை அடக்கினார்கள்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. ஒவ்வொரு புதிய பதிப்பும் வெளியாகுமுன் தன் மடிக்கணினியை முழுதாகத் துடைத்துவிட்டு, கையேட்டை வைத்து முதல் படியிலிருந்து நிறுவுவார். விசரா அண்ணா உங்களுக்கு என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். "எனக்கு எல்லாம் பாடம். பாடமான ஆள் வாசிக்க மாட்டான். மெசினாவது மறந்திருக்கட்டும்" என்றார்.

அந்தப் பழக்கம்தான் அவர் போனபின் எங்களைப் பிடித்து உலுக்கியது.

அடக்கம் முடிந்து ஒரு கிழமையில் வாட்டுகளிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. புதிய போன்களில் செயலி திறந்தவுடன் மூடிக்கொள்கிறது. நிரலில் செய்ய வேண்டிய திருத்தத்தை நான் செய்துவிட்டேன். ஆனால் அதைப் போனில் ஏறும் செயலியாக ஆக்கி வெளியிடும் வேலை இரண்டு வருடமாக அவருடைய கணினியில் மட்டுமே நடந்தது. சோம்பல்தான் காரணம், வேறென்ன. குறுக்குவழிகளால் நிரம்பிய என் கணினி இரண்டு நாள் முயன்றும் மறுத்துவிட்டது. றீட்டா அக்காவிடம் கேட்டு அவருடைய மடிக்கணினியை வாங்கித் திறந்தேன். வெறுமையாக இருந்தது. அடுத்த பதிப்புக்காக, போவதற்கு முதல் நாள் துடைத்து வைத்திருக்கிறார்.

அப்போது எனக்கு அழுகை வந்தது. அடக்கத்தில்கூட அப்படி அழவில்லை. கையேடு ஒன்றுதான் மிச்சம். கடைசியாக அவர் மாற்றியபின் அதை ஒருவரும் ஓட்டிப் பார்க்கவில்லை. அது வேலை செய்யாவிட்டால் செயலியும் அவரோடு போய்விடும். நானே உட்கார்ந்தால் படிகளைத் தாண்டிக் குறுக்குவழிக்குப் போய்விடுவேன் என்ற பயத்தில் அதைத் தொடாமல் தள்ளிப்போட்டேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வத்தளையிலிருந்து நிரோஷா வந்திருந்தார். வாட்டில் இந்தச் செயலியை வைத்துத்தான் நோயாளிகளோடு பேசும் தாதி. நிரல் ஒன்றையும் வாழ்நாளில் தொட்டதில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, தன் மகளுடைய மடிக்கணினி பையில் இருக்கிறது, நான் நிறுவிப் பார்க்கவா என்று சிங்களத்தில் கேட்டார். நான் வாய் திறக்குமுன் றீட்டா அக்கா உள்ளே போனார். விளிம்புவரை ஊற்றிய கோப்பையோடு வந்து, என் கையில் தந்தார்.

நிரோஷா சிங்களக் கையேட்டைச் சத்தமாக வாசித்தபடி தொடங்கினார். அண்ணனுடைய துறைமுகச் சிங்களத்தைக் கண்டு இரண்டு இடத்தில் சிரித்தார். எட்டாம் படியில் நிற்கவே இல்லை. வாசித்தார், செய்தார், போனார். அந்த இடத்தில் தடுக்காமல் போன முதல் ஆள் அவர்தான். முந்தி இருந்தது நல்லாயிருக்கவில்லை, அண்ணா.

பதினான்காம் படியில் திரை முழுதும் சிவப்பு எழுத்து. என் கை தன்பாட்டில் எழும்பி, தேநீர் மடியில் சிந்தியது. நிரோஷா அடுத்த வரியை வாசித்தார். "இங்கே சிவப்பு எழுத்து வந்தால் பயப்பட வேண்டாம். எனக்கும் வந்தது. மூடித் திறந்து, இதே படியை மறுபடி செய்யவும்." மூடித் திறந்தார். போய்விட்டது. அந்த "எனக்கும் வந்தது" என்ற சொற்களைக் கேட்டபோது அந்த அறையில் அண்ணன் இருந்ததாகவே உணர்ந்தேன்.

கடைசிக்கு முந்திய படியில் கையேடு சொன்ன அமைப்பு நிரோஷாவின் புதிய போனில் வேறிடத்துக்குப் போயிருந்தது. தானே தேடிக் கண்டுபிடித்தார். நான் கொப்பியை நீட்டினேன். அண்ணன் விட்ட இலக்கத்துக்கு அடுத்த இலக்கத்தைப் போட்டு, சிங்களத்தில் மூன்று வரி எழுதினார். கையேட்டில் அந்தத் திருத்தம் இப்போது அவருடைய பெயரில் இருக்கிறது. பின்னேரம், அந்த மடிக்கணினியில் உருவான புதிய செயலி அந்தப் போனில் திறந்தது, மூடிக்கொள்ளவில்லை. றீட்டா அக்கா விரலால் முதல் வசனத்தைத் தொட்டார். "எங்கே நோகுது?" அது உடனே சொன்னது: "கொஹெத ரிதென்னே?"

"அவர் இருந்தா, சரி வந்திட்டுது, இனி எல்லாத்தையும் அழியுங்கோ எண்டிருப்பார்" என்றார் றீட்டா அக்கா. சிரித்தோம். பிறகு அவர் அழுதார். நாங்களும்தான்.

செயலி மறுபடி வாட்டுகளில் பேசிக்கொண்டிருக்கிறது. அண்ணன் எழுதிய நிரல் என்று பார்த்தால் அதில் அதிகம் இல்லை. நல்ல நிரல் எழுதுபவர் என்று அவரைச் சொன்னால் அவரே கோபிப்பார். நான் வைத்துக்கொண்டது அந்தக் கோப்பையை. றீட்டா அக்கா துடைத்து, பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தார். வருகிற சனிக்கிழமை வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு இரண்டு புதியவர்கள் வருகிறார்கள். அண்ணன் கேட்ட அந்த ஐந்தாம் நாளுக்கும் அதற்கடுத்த நாளுக்கும் ஆள் வேண்டும். கோப்பையை நானே நிரப்பி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.