கடை எரித்தவனுக்கு அடுப்பு வேலை

"பதினோரு வருஷம் என்ன, நூத்திப்பத்து வருஷம் ஆகட்டும். இவன் வெளிய வந்தா, திரும்ப உள்ள அனுப்புற கையெழுத்து என்னோடதாத்தான் இருக்கும்!"

தீர்ப்பு நாளில் இப்படி முழங்கி நீதிபதியையே தண்ணீர் கேட்க வைத்தவர், இலோய்லோ சந்தையில் பச்சோய் கடை நடத்தும் மானாங் ஒட்டீலியா. மானாங் என்றால் எங்கள் பேச்சில் அக்கா. பச்சோய் என்பது பன்றி ஈரலும் குடலும் மிதக்கும் நூடுல்ஸ் சூப். சாறு மட்டும் எத்தனை முறை கேட்டாலும் சும்மா ஊற்ற வேண்டும். எங்கள் ஊர் தர்மம். கொரோய் என்பவன் குடித்துவிட்டு வந்து ஐந்தாம் முறை கிண்ணத்தை நீட்டினான். "ஆத்துல போய்க் குடி" என்றார் ஒட்டீலியா. பொழுது சாய்வதற்குள் கடை சாம்பல். தர்மத்தை முதலில் மீறியது யார் என்று சந்தையில் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை.

ஆறாம் வருஷம் கொரோய்க்குப் பரோல் கிடைத்தது. வேலை கொடுத்து மாதாமாதம் நடத்தைச் சான்று எழுத ஓர் ஆள் வேண்டும். ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. கை தூக்கியவர் ஒட்டீலியா ஒருவர்தான். பரோல் தொண்டரான ஓய்வுபெற்ற வாத்தியார் நோங் பிலெமோன், அதாவது பிலெமோன் அண்ணன், கண் கலங்கினார். நகராட்சி 'கருணைத் திலகம்' என்று பட்டயம் கொடுத்தது. அம்மையார் அதை வினிகர் ஜாடிக்கு மூடியாக்கினார்.

கருணையாவது கத்தரிக்காயாவது! ஒரு மாதம் ஒரு குறை எழுதினால் போதும், மிச்ச ஐந்து வருஷமும் அவன் உள்ளே. குறை தானாக வராவிட்டால் வரவழைக்க வேண்டியதுதானே?

"கடையவே எரிச்சவனுக்கு அடுப்பு என்ன பெரிய வித்தை? எரிடா."

விடியுமுன் அடுப்பு மூட்டுவது, எலும்பு உடைப்பது, குடல் அலசுவது எல்லாம் அவன் தலையில். அலசிய குடலை முகர்ந்து, "நாத்தம் போகல, இன்னொரு தடவை" என்பார். அவன் கை ஓங்குவான், ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்வான் என்று எட்டு மாதம் தவமிருந்தார். அவனோ, "சரி மானாங்." சாறு மட்டும் நாளுக்கு நாள் ருசியேறியது. அதுவும் அவருக்கு எரிச்சல்தான்.

ஒரு சனிக்கிழமை கொரோய் வந்து நின்றான்.

"மானாங், கிமாராஸ்ல அம்மா போயிட்டா. நாளைக்கு அடக்கம். பரோல் ஆபீஸ் திங்கக்கிழமைதான் தொறக்கும்."

கிமாராஸ் எதிர்த்தீவு, கால்மணி நேரப் படகுப் பயணம். ஆனால் வேறு மாகாணம். அனுமதியில்லாமல் கால் வைத்தால் பரோல் போச்சு. ஒட்டீலியாவின் முகம் திருவிழாவானது.

"போயேன். நான் என்ன உன் காலையா கட்டி வச்சிருக்கேன்?"

போனான். இனித் திரும்ப மாட்டான், தேடிப் பிடித்து அடைப்பார்கள் என்று ஞாயிறு முழுக்கப் பாடிக்கொண்டே கடையைக் கவனித்தார் அம்மையார்.

திங்கள் காலை அவர் வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கொரோய், செருப்பில் இடுகாட்டுச் செம்மண்.

"அப்படியே ஓடிப் போயிருக்கலாமேடா, மடையா?"

"ஓடிட்டா இன்னைக்கு அடுப்பு யாரு மூட்டுவா, மானாங்?"

ஒட்டீலியா எலும்பு உடைக்கும் சுத்தியலை எடுத்துத் தானே இரண்டு எலும்பு உடைத்தார்.

பத்து மணிக்கு நோங் பிலெமோன் படிவத்தோடு வந்தார். முகம் சரியில்லை.

"இண்டாய், இங்க பாரு தங்கச்சி, ஞாயித்துக்கிழமை இவனைப் படகுல பாத்ததா நம்ம சந்தை வாழைப்பழக்காரி சொல்றா. நீ என்ன சொல்றியோ அதை எழுதிக் குடு. உண்மைன்னா இன்னைக்கே ஜீப் வரும்."

கொரோய் ஈரக்கையோடு எழுந்து நின்றான். 

"அவளா? பச்சைக்காயைப் பழம்னு விக்கிறவளுக்குப் படகுல யாருன்னு தெரிஞ்சிடுமாக்கும்! பேனா குடுங்க, நோங்."

'ஞாயிறு முழுவதும் என் கடையில் குடல் அலசினான். நடத்தை நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஒரு வாளித் தண்ணீரை எடுத்துப் போய், செம்மண் கரையக் கொரோயின் செருப்பின் மேல் ஊற்றினார்.