எச்சத்துக்கு மஞ்சள், முற்றுக்குப் பச்சை

தேவாரம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு நான் வாத்தியார். இலக்கணம் என்றாலே பிள்ளைகள் வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைச் சொல்லி என்ன, அந்தப் பாடப்புத்தகத்தைக் கண்டால் எனக்கே கொட்டாவி வரும். அதனால் அட்டைகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதி, சாயம் பூசினேன். எழுவாய்க்குக் காவி, செயப்படுபொருளுக்குச் சலவை நீலம், எச்சத்துக்கு மஞ்சள், வினைமுற்றுக்கு அவரையிலைச் சாற்றுப் பச்சை. வரிசையாக அடுக்கினால் வாக்கியம்.

"என்ன வாத்தியாரே, சாயப்பட்டறை வச்சிருக்கீகளா?" என்று தலைமை வாத்தியார் கிண்டலடித்தார். அவர் கிடக்கிறார். ஒருவன் 'மாடு அப்பாவை மேய்த்தது' என்று அடுக்கிவைக்க, வகுப்பே உருண்டு சிரித்தது. 'ஐ' எங்கே வரவேண்டும் என்பது அன்றைக்கே எல்லார் மண்டையிலும் ஏறிவிட்டது.

மஞ்சள்தான் பாடாய்ப் படுத்தியது. 'நான் சாப்பிட்டு' என்று வைத்துவிட்டு, வேலை முடிந்ததுபோல எழுந்துவிடுவார்கள்.

"ஏலே, சாப்பிட்டு என்ன செஞ்ச? மஞ்சளோட நின்னா வாக்கியம் அந்தரத்துல தொங்கும். பச்சை வந்தாத்தான் முடியும்!" என்று தொண்டை வறளக் கத்துவேன்.

என் மகளும் அந்த வகுப்பில்தான் படித்தாள். அந்த வருஷம் அவள் அம்மா இரண்டாவது பிரசவத்துக்கு ஜெயமங்கலத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டாள். மகளின் கன்னத்தை வழித்து, "போயிட்டு வாரேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அங்கே ஜன்னி கண்டது. தாயும் போனாள், பிறந்ததும் போனது.

காரியம் முடிந்து ஊர் திரும்பியதும் மகளை மடியில் வைத்து நானே சொன்னேன். "அம்மா செத்துப்போச்சும்மா. இனிமே வராது."

தலையாட்டினாள். அழவில்லை. ஆனால் சாயங்காலம் பஸ் வரும் நேரத்துக்கு ரோட்டோரத்தில் போய் நின்றாள். கூப்பிட்டால் வந்துவிடுவாள்; மறுநாள் திரும்பவும் நிற்பாள். புரியாத பிள்ளையா என்றால், வகுப்பில் அவள்தான் கெட்டிக்காரி.

ஒருநாள், வீட்டில் யாராவது சொன்னதை அடுக்கச் சொன்னேன். அவள் இரண்டே அட்டைகள் வைத்திருந்தாள். மஞ்சளில் 'போய்விட்டு'. பச்சையில் 'வருகிறேன்'.

"சரியா இருக்காப்பா?" வகுப்பில் என்னைச் சார் என்றுதான் கூப்பிடுவாள், அன்றைக்கு மறந்துவிட்டாள்.

"சரிதான்" என்றேன்.

"மஞ்சளோட முடியாதுன்னு நீங்கதான சொன்னீக? அம்மா பச்சை வரைக்கும் சொல்லுச்சுப்பா. நான் கேட்டேன்."

ஜெயமங்கலத்துச் சுடுகாட்டில் தாங்கிக்கொண்ட மனசு அங்கே உடைந்தது. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நம்மள்ல யாரும் போறேன்னு சொல்ல மாட்டோம் ஆத்தா. திரும்பி வராதவகளும் வாரேன்னுதான் சொல்லிட்டுப் போவாக."

அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பச்சையைத் தானே எடுத்து என் கையில் கொடுத்தாள். மஞ்சள் தனியாகத் தரையில் கிடந்தது.

அன்று சாயங்காலம் அவள் ரோட்டுக்குப் போகவில்லை. பஸ் வரும் நேரத்துக்கு நான் போய் நின்றேன்.