பெரிய கேமராவுக்கு ஒரு முதுகுப்பை

உத்திரமேரூர் கடைத்தெருவில் நான் ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில் என்னிடம் இரண்டு கேமராக்கள் இருந்தன. கல்யாணம், காதுகுத்துக்கெல்லாம் சின்னதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போய்விடுவேன். மற்றது மரத்தில் செய்தது. துருத்தி வைத்து, கண்ணாடித் தகட்டில் படம் பிடிப்பது. அது ஸ்டுடியோவை விட்டு வெளியே போனதே அபூர்வம்.

எழுபதுகளின் கடைசியில், பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். கட்டிலை விட்டு இறங்க முடியாது. வந்தவாசி தாண்டி ஒரு மலை உச்சியில் அவர்களுடைய குலதெய்வக் கோயில். பங்காளிகள் எல்லோரும் பொங்கல் வைக்கப் போகிறார்கள். அவர் இல்லாமல் போவது அதுதான் முதல்முறை.

“தம்பி, எல்லாரையும் கோயில் முன்னாடி நிக்க வெச்சி ஒரு படம் புடிச்சிக்கினு வா. ஒவ்வொரு மூஞ்சியும் தெளிவா தெரியணும். நான் படுத்துக்கினே பாக்கணும்” என்றார்.

சின்ன கேமராவில் அத்தனை பேரை எடுத்துப் பெரிதாக்கினால் முகங்கள் கலங்கிவிடும். பெரியதையே எடுத்துவருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அப்புறம்தான் மலையைப் பற்றி விசாரித்தேன். பாதிக்கு மேல் படியே இல்லையாம். பாறையைப் பிடித்துத்தான் ஏறவேண்டுமாம். இரண்டு கையும் காலியாக இருக்கவேண்டும். வேறு ஆளிடம் கொடுக்கவும் மனசு வரவில்லை. முதுகில் மாட்டும் பைதான் வழி.

காஞ்சிபுரத்தில் ஒரு ரெக்சின் பை வாங்கிவந்தேன். பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. என் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கேமராவ அப்பறம் வெக்கலாம். மொதல்ல செங்கல்ல போட்டுத் தூக்கிப் பாருங்க.”

செங்கல்லை அடுக்கி மாட்டிக்கொண்டு ஏரிக்கரைமேல் நடந்தேன். மதகு வருவதற்குள் ஒரு பக்கத்து வார் தையலோடு பிய்ந்து, செங்கற்கள் சரிவில் உருண்டன. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லென்ஸ் உருள்வதாக நினைத்துப் பார்த்தேன்.

அடுத்த வாரம் பஸ் ஏறி மெட்ராஸ் போனேன். மூர் மார்க்கெட்டில் பழைய மிலிட்டரி சாமான் விற்கும் கடையில் பச்சை கேன்வாஸ் பை ஒன்று கிடைத்தது. அகலமான வார், பித்தளைக் கொக்கி. வார் தைத்த இடத்தை விரலால் சுரண்டிப் பார்த்தேன். கடைக்கார பாய், “மேல இருக்கிற கொக்கில மாட்டித் தொங்கிப் பாருங்க, ஒண்ணும் ஆவாது” என்றார். தொங்கவில்லை, மாட்டிவிட்டு நன்றாக இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால், கேமராவின் மரப்பெட்டி பைக்குள் நுழையவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னாங்க, பெட்டியா படம் புடிக்குது? அத வூட்டுல வுட்டுட்டுப் போங்க” என்றாள் என் மனைவி.

பழைய மெத்தை ஒன்றைப் பிரித்து, பைக்குள் பொருந்தும்படி கேமராவுக்கு ஓர் உறை, லென்சுக்கு ஒன்று, தகடுகளுக்கு ஒன்று என்று தைத்தாள். நடக்கும்போது பை ஆடாமல் இடுப்பில் கட்டக் கட்டில் நாடாவும் வைத்தாள். மறுபடியும் செங்கல், மறுபடியும் ஏரிக்கரை. இந்தத் தடவை பிய்யவில்லை.

மலைக்கு அவளும் வந்தாள். கேமராவை நிறுத்தும் முக்காலியை விவசாயி வீட்டு மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பனி ஈரத்தில் கால் வழுக்கி நான் மல்லாக்க விழுந்தேன். என் முழு கனமும் பைமேல். உள்ளே கண்ணாடி விரிசல் விடும் சத்தம் கேட்டது. பையைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை; அவள்தான் திறந்தாள். பின்பக்கத்து ஃபோகஸ் கண்ணாடி மட்டும் ஒரு மூலையில் விரிந்திருந்தது. லென்ஸ், துருத்தி, தகடுகள் எல்லாம் முழுசாக இருந்தன. விரிந்த கண்ணாடியிலும் ஃபோகஸ் பார்க்க முடியும். பையை மறுபடியும் கட்டி மாட்டிக்கொண்டேன்.

பொங்கல் முடிந்து எல்லோரும் கோயில் முன்னால் வரிசையாக நின்றார்கள். கறுப்புத் துணிக்குள்ளிருந்து பார்த்தால் முன்வரிசை நடுவில் ஓர் ஆள் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

“நெருங்கி நில்லுங்க” என்றேன்.

அவருடைய மூத்த மகள், “அது நைனா நிக்கிற எடம். அப்டியே இருக்கட்டும்” என்றாள்.

சரியென்று லென்ஸ் மூடியை ஒரு நொடி கழற்றிப் படம் பிடித்து, திரும்ப மாட்டினேன்.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு முகத்தையும் பெயர் சொல்லிக்கொண்டே பார்த்தார். நடுவில் வந்ததும் விரல் நின்றது.

“எடம் வுட்டு வெச்சிக்கிறாங்க, பாத்தியா தம்பி” என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், “சின்னவன் ஏன் அழுக்குச் சட்டையோட நிக்கிறான்?” என்று மகளிடம் சத்தம் போட்டார்.

மகன் படத்தைச் சுவரில் உயரே மாட்டப் போனான். அவர் அவனைத் தடுத்து, கட்டிலில் படுத்தபடியே தெரியும் உயரத்தைக் கைகாட்டி, அங்கே ஆணி அடிக்கச் சொன்னார்.