தரைக்கு அடியில் கேட்ட சத்தம்

மூன்று வருடத்துக்கு முந்தைய சித்திரை மாதம். மகளின் சான்றிதழ் விஷயமாக ராதாபுரத்திலிருந்து திருநெல்வேலிக்கு வந்திருந்தேன். அலுவலகத்தில் மூன்று மணிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். வெயிலுக்கு ஒதுங்கலாம் என்று பக்கத்திலிருந்த தாவரவியல் பூங்காவுக்குள் போனேன்.

உச்சி வெயில் நேரம். ஆள் நடமாட்டமே இல்லை. பூங்காவின் கடைக்கோடியில், பச்சை வலை போட்டு பெரணிச் செடிகள் வளர்க்கும் கூடாரம் ஒன்று இருந்தது. உள்ளே வெளிச்சம்கூடப் பச்சையாக இருந்தது. சிமென்ட் தரையில் நாலு எட்டு வைத்திருப்பேன், காலுக்கு அடியில் 'டொக், டொக்' என்றது. நின்றேன். சத்தமும் நின்றது. நடந்தேன். மறுபடியும் 'டொக், டொக்'. உள்ளங்காலில் அதிர்வு தெரிந்தது. யாரோ கீழே என்னோடு கூடவே வருகிற மாதிரி இருந்தது.

வாசலுக்கு ஓடி வந்து, அங்கிருந்த காவலாளியிடம் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அங்கன ஒண்ணும் கெடையாதும்மா. மூங்கில் ஒண்ணோட ஒண்ணு உரசுத சத்தம்" என்றார்.

எதிரே பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். படபடப்பு அடங்கிய பிறகுதான் உறைத்தது. நான் நின்றால் அது நிற்கிறது என்றால், என் காலடியைக் காது கொடுத்துக் கேட்கிறது. பயம் கூடத்தான் செய்தது. ஆனாலும் திரும்பிப் போனேன்.

"அண்ணாச்சி, அந்தத் தரைக்குக் கீழ என்ன இருக்கு?"

"தண்ணித் தொட்டி" என்றவர் முகம் மாறிவிட்டது. "தோட்ட வேலை பாக்குத அக்கா காலையில கழுவப் போனாவளே..."

இருவரும் ஓடினோம். கூடாரத்துக்குப் பின்னால் தொட்டியின் இரும்பு மூடி சாத்திக் கிடந்தது. முட்டுக் கொடுத்த கம்பு சரிந்து மூடி விழுந்திருக்கிறது. சேர்ந்து தூக்கினோம். இருட்டுக்குள், கணுக்கால் அளவு தண்ணீரில், கையில் களைக்கொத்தியோடு அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். கத்திக் கத்திக் குரல் கம்மிப் போயிருந்தது.

மேலே ஏற்றித் தண்ணீர் கொடுத்தோம். குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேல நடந்தது நீங்கதானா? நீங்க நிக்கையில, கூப்பிடுவியளோன்னு நானும் தட்டாம கேட்டுக்கிட்டு இருந்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நீங்க ஓடிப் போன சத்தமும் கேட்டுச்சு."

குறையாகச் சொல்லவில்லை. ஆனால், எதையாவது கண்டு மிரண்டு விலகப் போகும்போதெல்லாம், நான் ஓடுகிற சத்தம் அந்தப் பக்கம் இருப்பவருக்கு எப்படிக் கேட்கும் என்ற நினைப்பு இன்றும் என்னைப் பிடித்து நிறுத்துகிறது.