ஏலமலை மேல் வெள்ளைத் திட்டு

வானிலை அலுவலகத்தில் நாங்கள் கரை கடந்த புயலை ‘வலுவிழந்தது’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவோம். அப்படி ஒரு கோப்பை மூடிய மறுநாள், மலையில் மழை இருக்குமா என்று அக்கா வீட்டுக்காரர் போனில் கேட்டார். “பயப்படாம எஸ்டேட்டுக்குப் போங்க மச்சான்” என்றேன். போடிமெட்டு மலை ரோட்டில் மழைக்கு மண் சரிந்து ஜீப்போடு போய்விட்டார்.

ஓய்வுபெற்ற பின் அன்றைய செயற்கைக்கோள் படம் கேட்டு மனு, நினைவூட்டல், மேல்முறையீடு என்று முறைப்படி எழுதினேன். நேற்று நகல் வந்தது. ஏலமலை மேல் அடர்ந்த வெள்ளைத் திட்டு, கனமழை மேகம். மூலையில், அன்று காலை படத்தைப் பெற்றுக்கொண்டதற்கு என் சுருக்கொப்பம். மூடிய கோப்புக்கு வந்த படத்தை யார் பார்ப்பார்கள்?

“படம் வந்துருச்சா தம்பி? என்ன தெரியுது?” என்றாள் அக்கா.

“மங்கலா இருக்குக்கா.”

“அப்ப இன்னொரு மனுப் போடு. ஒனக்கு வேற என்ன சோலி?”

பேனாவை எடுத்து, முறைப்படி எழுத ஆரம்பித்தேன்.