லவுஞ்சில் பிரிக்காத புளிசாதம்

போன வருடம் தை மாதம். காலை ஒன்பது மணி இருக்கும். கோயம்புத்தூர் விமான நிலையத்தில் என் மாமியாரோடு நின்றுகொண்டிருந்தேன். பதினொரு மணிக்குக் கிளம்ப வேண்டிய புனே விமானம் இரண்டு மணி நேரம் தாமதம் என்று அப்போதுதான் போர்டில் மாற்றினார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

களைப்புக்குக் காரணம் உண்டு. புனேயில் என் மனைவிக்கு ஆறாவது மாதம். படுக்கையை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு அம்மா இல்லை. சமையல், துணி, மருந்து, நடுவில் ஆபீஸ் என்று ஒன்றரை மாதம் தனியாக ஓட்டிப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் மனைவியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மாமியாரை அழைத்துப்போக முதல் நாள் வந்து இறங்கினேன். கொடுமுடிக்குப் பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு டம்ளர் காபியோடு இரண்டு பேரும் காரில் கிளம்பினோம். அவருக்கு அதுதான் முதல் விமானப் பயணம். "அம்மாவுக்குச் சுகர் இருக்குதுங்க, வேளைக்குச் சாப்பிட வெச்சுடுங்க" என்று மனைவி போனில் மூன்று முறை சொன்னாள். நானும் மூன்று முறை சரி என்றேன்.

பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் எதிரிலேயே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. "ஏனுங்க மாப்பிள்ளை, பையில புளிசாதம் இருக்குதுங்க. இங்கயே உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டுப்போடலாமுங்க" என்றார் மாமியார். நான் கேட்கவில்லை. என்னிடம் இருந்த கிரெடிட் கார்டில் இரண்டு பேர் லவுஞ்சுக்குப் போய்ச் சாப்பிட்டு ஓய்வெடுக்கலாம். அத்தைக்கு அங்கே வசதியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குத்தான் காலை நீட்டிச் சாய ஒரு நாற்காலி தேவைப்பட்டது.

லவுஞ்ச் வாசலில் வரிசையில் நின்று, கார்டைத் தேய்த்து, உள்ளே போனோம். இட்லி, பொங்கல், வடை, நறுக்கிய பப்பாளி, ரொட்டி வாட்டும் மெஷின் என்று எல்லாம் இருந்தன. மூலையில் சாய்வு நாற்காலி ஒன்று காலியாக இருந்ததைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாமியார் எதிரே உட்கார்ந்து, பையைத் திறந்து புளிசாதப் பொட்டலத்தை எடுத்தார். வாசனை கிளம்பியது. பக்கத்தில் லேப்டாப்போடு இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"வெளிச் சாப்பாட்டை இங்க பிரிக்கக் கூடாதுங்க அத்தை" என்றேன். அப்படி ஒரு விதி அங்கே உண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். அவர் பொட்டலத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார்.

"அங்க எல்லாமே இருக்குதுங்க. வேணுங்கறத எடுத்துச் சாப்பிடுங்க. நான் அஞ்சு நிமிசம் கண்ணை மூடிக்கறேன்."

"நீங்க சாப்பிடலீங்களா?"

"எனக்கு அப்புறமுங்க."

அந்தக் கேள்வியிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை சாப்பிடாமல் மாமியார் கை நனைக்க மாட்டார். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இன்னமும் அப்படித்தான். கல்யாணமாகி நாலு வருடமாக ஒவ்வொரு விருந்திலும் பார்த்திருக்கிறேன். நான் இலையை விட்டு எழுந்த பிறகுதான் அவர் உட்காருவார். அசதியில் அத்தனையும் மறந்துபோனது.

ஐந்து நிமிடம் ஒன்றேகால் மணி நேரமாகிவிட்டது. யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

"சார், ஏனுங்க சார், எந்திரிங்க. அம்மாவுக்கு என்னமோ பண்ணுதுங்க."

மேசை துடைக்கும் அம்மா ஒருவர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எதிரே மாமியாரின் முகமெல்லாம் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. அந்த ஏசி குளிரில் ஜாக்கெட் நனைந்திருந்தது. கை வெடவெடவென்று ஆடியது. "அத்தை, அத்தை" என்று கூப்பிடுகிறேன், பார்க்கிறார், ஆனால் என்னை யாரென்று தெரிந்த மாதிரி இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படுக்கையில் கிடக்கும் மனைவிக்கு என்ன பதில் சொல்வேன் என்ற ஒரே நினைப்புதான்.

"மாத்திரை போட்டாங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். மேசையில் மாத்திரை அட்டை கிடந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் போடும் சுகர் மாத்திரை; போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். நான் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவேன் என்று நம்பிப் போட்டிருக்கிறார்.

அந்த அம்மா ஓடிப்போய் ஒரு டம்ளர் ஜூஸும் காபி மெஷின் பக்கத்தில் இருந்த சர்க்கரைப் பொட்டலங்களும் கொண்டுவந்தார். சர்க்கரையைக் கலக்கி, தலையைத் தாங்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். "எங்க ஊட்டுக்காரருக்கும் இதே கதைதானுங்க சார். அம்மாகிட்ட ரெண்டு தடவை வந்து சாப்பிடுங்கன்னு சொன்னேன். மாப்பிள்ளை எந்திரிக்கட்டும், அசந்து தூங்கறாரு, எழுப்பிப்போடாதீங்கன்னுட்டாங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

பத்து நிமிடத்தில் வேர்வை அடங்கியது. அதற்குள் விமான நிலைய டாக்டரும் வந்துவிட்டார். சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் நினைவு தப்பியிருக்கும் என்றார். உடனே ஏதாவது சாப்பிட வையுங்கள், தெளிந்ததும் மறுபடி பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்றார்.

மாமியாருக்குக் கண் தெளிந்தது. என்னைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. லேப்டாப்காரர் பார்க்கிறாரா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. பையிலிருந்து புளிசாதப் பொட்டலத்தை நானே எடுத்துப் பிரித்தேன். மேசை துடைக்கும் அம்மா மூன்று தட்டு கொண்டுவந்து வைத்தார். மூன்றாவது எதற்கு என்று பார்த்தேன். "எனக்கும் ஒரு கை வெய்யுங்க சார், வாசனை இழுக்குது" என்று சிரித்தார். நான் முதலில் ஒரு வாய் போட்டுக்கொண்டேன். அதைப் பார்த்த பிறகே மாமியார் கையைத் தட்டில் வைத்தார்.

பன்னிரண்டரை மணிக்கு டாக்டர் மறுபடி பார்த்துச் சரி என்றதும் கடைசி ஆட்களாக ஏறினோம். விமானம் கிளம்பும்போது மாமியார், "அம்மணிகிட்ட இதைச் சொல்லிப்போடாதீங்க" என்றார். சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் என் மனைவிக்குத் தெரியப்போகிறது. வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு மகள் பிறந்தாள், மாமியார் இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார். ஆபீசிலிருந்து எவ்வளவு அலுத்துப்போய் வந்தாலும், படுக்கையைத் தேடுவதற்கு முன்னால் தட்டைத் தேடி உட்கார்ந்துவிடுகிறேன். நான் தூங்கி எழுவதற்காக ஒருவர் பசியோடு எதிரே காத்திருக்கக் கூடும் என்பது, அன்றைக்குப் பிறகு எனக்கு ஒருநாளும் மறந்ததில்லை.